நெடுங்காட்டுக்காரர் கேட்ட பாட்டு

சித்தியின் கல்யாணம் ஒரு காதல் பாட்டினால் நின்றுபோகப் பார்த்தது என்று அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பாட்டு இல்லாவிட்டால் கல்யாணமே நடந்திருக்காது என்பது மாமாவின் கட்சி. அப்பா இரண்டு பேரிடமும் தனித்தனியாகத் தலையாட்டிவிட்டுச் செய்தித்தாளுக்குள் போய்விடுவார். எனக்கு அப்போது ஒன்பது வயது. இரண்டு கட்சிக்கும் நான்தான் சாட்சி. சாட்சிக்கு வழக்கே புரிந்திருக்கவில்லை என்பதை மட்டும் இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

காரைக்காலில் வெள்ளைக்காரன் கொடி இறங்கிய அடுத்த வருஷம் மாமா சைகோனிலிருந்து வந்து சேர்ந்தார். அம்மாவுக்கு நேர் இளையவர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாகப் போனவர். சிப்பாயை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். அங்கே சண்டை முடிந்து துரைமார்களே மூட்டை கட்டிக்கொண்டிருந்ததால் மாமாவும் பென்ஷனோடு கப்பலேறிவிட்டார். ரயிலடியில் அவரைப் பார்த்ததும் அம்மா ஓவென்று அழுதாள். தாத்தாவும் ஆச்சியும் செத்தபோது அவர் ஊரில் இல்லை என்பதெல்லாம் அந்த அழுகையில் இருந்தது. மாமா அவள் தோளைத் தட்டிக் கொடுத்துச் சிரித்தார். சித்தியைப் பார்த்து, "இது யாரு, நம்ம குட்டியா? தென்னங்கன்னு மாதிரி நிக்கிது!" என்று சிரித்தார். என்னைத் தூக்கப் பார்த்து, முடியாமல் இறக்கிவிட்டு, அதற்கும் சிரித்தார். அன்றைக்கே எனக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது.

மாமா எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டார். அத்தனை வருஷ உத்தியோகத்துக்கு அவர் கொண்டுவந்த சாமான் ரொம்பக் குறைவு என்று அம்மாவுக்கு வருத்தம். ஒரு தகரப்பெட்டி, அப்புறம் கம்பளியில் சுற்றி வழியெல்லாம் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்த இன்னொரு பெட்டி. அதன் மூடியைத் திறந்ததும் சித்தி கைதட்டிவிட்டாள். கிராமபோன். சாவி கொடுத்து, தட்டைச் சுழலவிட்டு, ஊசியை மெதுவாக இறக்கினால் கொஞ்சம் கரகரத்துவிட்டுப் பாடத் தொடங்கும். தட்டுகள் கொஞ்சம்தான். இரண்டு மூன்றில் பிரெஞ்சுப் பட்டாளத்து பாண்டு. ஒன்றில் மாதா பாட்டு. இன்னொன்றில் அந்தக் காதல் பாட்டு. அதைச் சைகோனில் கடை வைத்திருந்த நம் ஊர் மரைக்காயர் ஒருவரிடம் வாங்கியதாக மாமா சொன்னார்.

பாட்டில் ஒன்றும் பெரிய கதை இல்லை. வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவனுக்காக ஒருத்தி வாசலில் நிற்கிறாள். தெருவில் போகிற வண்டிச் சத்தத்தையெல்லாம் அவனுடைய வண்டி என்று நினைக்கிறாள். நடுவில் ஆண்குரல் ஒன்று தூரத்திலிருந்து வருவதுபோல எழும்பும். கடைசி அடியை இரண்டு பேரும் சேர்ந்து பாடுவார்கள். அவன் வந்து சேர்ந்துவிட்டதால் சேர்ந்து பாடுகிறார்களா, அல்லது அவள் மனசுக்குள்தான் அவன் குரல் கேட்கிறதா என்று பாட்டில் சொல்லவில்லை. சொல்வதற்குள் தட்டு முடிந்துவிடும்.

இதனால் எங்கள் வீட்டில் ஒரு நிரந்தரத் தகராறு உண்டாயிற்று. அவன் வந்துவிட்டான் என்று சித்தி அடித்துச் சொல்வாள். அவள் சத்தமாகச் சிரிக்கிறவள்; பாட்டு முடிந்ததும் அவன் நம் வீட்டு வாசலிலேயே வந்து இறங்கிவிட்டதுபோல முகமெல்லாம் மலர்ந்திருக்கும். அம்மாவுக்கு அதில் நம்பிக்கை இல்லை.

"வந்திருந்தா எதுக்கு நின்னு பாடிக்கிட்டு இருக்கப் போறா? சோறு போட உள்ள போயிருப்பா" என்பாள்.

முஸ்லிம் வீடுகளில் அக்காவை ராத்தா என்பார்கள். எங்கள் அடுத்த வீட்டு ராத்தா சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கேட்பவர். அவர் வீட்டுக்காரருக்குச் சிங்கப்பூரில் வியாபாரம். வீட்டுக்காரர் ஊருக்கு வந்திருக்கிற நாட்களில், "தங்கச்சி, அந்தப் பாட்ட வைக்கச் சொல்லும்மா" என்று சுவருக்கு மேலே ராத்தாவின் முகம் எழும்பும். அவர் கப்பலேறிப் போன வாரம் அதே முகம் எழும்பி, "அத மட்டும் வைக்காதீங்கம்மா, நெஞ்சுக்குள்ள என்னமோ பண்ணுது" என்று சொல்லும். சரி என்று நிறுத்தி வைத்தால், மறுநாளே, "ஏன் பாட்டையே காணோம்?" என்று கேட்கும்.

எனக்கு இதெல்லாம் வேடிக்கையாக இருந்தது. தட்டு ஒன்று, ஊசி ஒன்று, பாடுகிற இரண்டு பேரும் ஒரு எழுத்தைக்கூட மாற்றிப் பாடவில்லை. கேட்கிறவர்கள் மட்டும் ஏன் மாறுகிறார்கள்? ஒருவேளை சாவியைக் கூடக் கொடுத்தால் சந்தோஷமாகவும் குறைத்துக் கொடுத்தால் சோகமாகவும் பாடுமோ என்று சந்தேகப்பட்டு, மாமா சாவி கொடுக்கும்போதெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அப்படியும் ஒன்றும் பிடிபடவில்லை.

பாட்டை ஒழுங்காகக் கேட்கத் தெரிந்தவர் மாமா ஒருவர்தான் என்பது என் தீர்ப்பு. அவர் எந்த நாளும் ஒரே மாதிரி கேட்பார். சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டு, முதலிலிருந்து கடைசிவரை சிரித்த முகமாகவே இருப்பார். ஆண்குரல் எழும்புகிற இடத்தில் அந்த ஊர் பாஷையில் ஏதோ ஒரு வார்த்தை சொல்வார். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் ஒருநாள் "மழை வரப்போகுது" என்பார். இன்னொரு நாள் "சோறு வெந்துடுச்சு" என்பார். அவன் வந்தானா இல்லையா என்ற வழக்கை அவரிடம் கொண்டுபோனால், "வந்தா என்ன, வராட்டி என்ன, பாட்டு நல்லா இருக்குல்ல?" என்று சிரித்துவிட்டு ஊசியை எடுத்துவிடுவார்.

மாமாவுக்கும் ஒரு கல்யாணம் செய்துவைக்க வேண்டும் என்று அப்பா ஒருமுறை பேச்செடுத்தார். அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அத எடுக்காதீங்க. அங்க ஒருத்தியோட குடும்பமா இருந்திருக்கான். கூட வந்த சொல்தா வீட்டுல சொன்னாங்க. கப்பலேறுற அன்னைக்கு வாரேன்னு சொன்னவ வரலையாம். அவதான் அவ ஊர விட்டுட்டு எப்படி வருவா, பாவம்" என்றாள். நான் பக்கத்தில் புளியங்கொட்டை விளையாடிக்கொண்டிருந்தேன். எனக்கு அதில் பெரிய விசேஷம் ஒன்றும் தெரியவில்லை. நாங்களும்தான் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை, கிளம்ப நேரமாகி, பூசைக்குப் பிந்திப் போயிருக்கிறோம். அடுத்த கப்பலில் வந்துவிடுவாள் என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்ச நாள் ரயிலடிப் பக்கம் போக நேர்ந்தால் வண்டியிலிருந்து இறங்குகிறவர்களைப் பார்ப்பேன். பிறகு மறந்துவிட்டேன்.

வீட்டில் எல்லாருடைய கவலையும் சித்தியைப் பற்றித்தான். தாய் தகப்பன் இல்லாத பெண். அம்மாதான் தாய் இடத்தில் இருந்து பார்க்க வேண்டும். பெண் பார்க்க வந்தவர்கள் சொஜ்ஜியும் பஜ்ஜியும் சாப்பிட்டுவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்று போவார்கள், சொல்லியும் அனுப்பமாட்டார்கள். நிறம் குறைவு என்றார்கள், உயரம் கூடுதல் என்றார்கள், சிரிப்புச் சத்தம் தெருவரைக்கும் கேட்கிறது என்று ஒரு வீட்டில் சொன்னார்களாம். சித்தி அதைக் கேட்டும் சத்தமாகத்தான் சிரித்தாள். ஆனால் அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

அப்படி இருக்கையில் நெடுங்காட்டிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே வாத்தியார். ஒரே பிள்ளை. தகப்பனார் நிலபுலம் உள்ளவர், மனைவியை இழந்தவர். அவரைப் பற்றித்தான் அம்மாவுக்குப் பயம். வாய்க்கால் தண்ணீர் தகராறு என்று வந்தால் அவர் ஒரு அதட்டுப் போட்டால் இரண்டு கரையும் அடங்கிவிடும் என்று சொன்னார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் மாதா கோயிலில் பூசை பார்த்துவிட்டு அப்படியே பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு.

அம்மா முதல்நாளே எல்லாருக்கும் கட்டளை போட்டுவிட்டாள். சித்தி சிரிக்கக்கூடாது, சிரித்தாலும் பல் தெரியக்கூடாது. நான் வாயே திறக்கக்கூடாது. மாமா சைகோன் கதையை எடுக்கக்கூடாது. பெட்டியைப் பார்த்துவிட்டுப் பாட்டுக் கேட்டார்களானால் மாதா பாட்டைத்தான் வைக்கவேண்டும்.

"அதுக்கென்ன, வச்சாப் போச்சு" என்றார் மாமா.

வில்வண்டியில் வந்து இறங்கினார்கள். பெரியவர், மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் அத்தை. அப்பா "தோத்திரம், வாங்க" என்று கைகூப்பினார். பெரியவர் கருங்காலிக் கட்டை மாதிரி இருந்தார். நரைத்த மீசை. உட்கார்ந்தவர் பேசவேயில்லை. மழையைப் பற்றி அப்பா ஏதோ சொன்னார். "ம்" என்றார். கொடி மாறின பிறகு ஊர் எப்படியிருக்கிறது என்று கேட்டுப் பார்த்தார். அதற்கும் "ம்". மாப்பிள்ளை தன் கால் விரல்களையே எண்ணிக்கொண்டிருந்தார். அத்தைதான் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அது என்னங்க, பாட்டுப் பொட்டியா?" என்று கேட்டாள்.

மாமாவுக்கு அது போதும். எழுந்து போய்ச் சாவி கொடுத்தார். அவர் கை மாதா பாட்டைத்தான் எடுத்தது. இதை நான் எந்தக் கோர்ட்டிலும் சொல்வேன். அப்போதுதான் பெரியவர் முதல் தடவையாக முழுசாக ஒரு வாக்கியம் பேசினார்.

"பூசையிலேருந்துதான் வர்றோம். சாமி பாட்டு நெறையக் கேட்டாச்சு. வேற ஏதாவது இருந்தா வைங்க."

மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா கண்ணாலேயே பாண்டு, பாண்டு என்று ஜாடை காட்டினாள். அதை மாமா பார்த்தாரா, பார்த்தும் பார்க்காததுபோல இருந்தாரா என்பதுதான் பின்னாளில் பெரிய விவாதம். பாட்டு தொடங்கிவிட்டது.

வாசலில் நின்று அவள் பாடுகிறாள். சித்தி காப்பித் தட்டோடு உள்ளேயிருந்து வருகிறாள். எல்லாரும் சித்தியைப் பார்க்கிறார்கள், பெரியவரைத் தவிர. அவர் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆண்குரல் எழும்பியபோது அவருடைய மீசை ஒரு பக்கமாகத் துடித்தது. அடுத்த நிமிஷம் வரப்பு உடைந்ததுபோல அழுதுவிட்டார். மூக்கை உறிஞ்சிச் சமாளிக்கிற அழுகை இல்லை. தோள் குலுங்க, வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு, வயல்காட்டில் பத்துப் பேரை அதட்டுகிற அந்த மனுஷன் குழந்தை மாதிரி அழுதார்.

"அண்ணே! என்னண்ணே இது, வந்த எடத்துல!" என்று அத்தை பதறினாள்.

அவர் எழுந்து கொல்லைப்பக்கம் போனார். கிணற்றில் வாளி விழுகிற சத்தம் கேட்டது. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இன்னொரு தரம் வைங்க தம்பி" என்றார்.

வைத்தார். அழுதார். நடுவில் மீசைக்குக் கீழே சிரிப்பு மாதிரியும் ஒன்று வந்து போயிற்று. முடிந்ததும் மறுபடியும் வைக்கச் சொன்னார். காப்பி ஆறிப்போயிற்று. சித்தி தட்டோடு அப்படியே நின்றாள். பிறகு அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "சரி, வெயிலாவுது, கெளம்பலாம்" என்றார். கிளம்பிவிட்டார்கள். பிடித்திருக்கிறது, பிடிக்கவில்லை, சொல்லி அனுப்புகிறோம் என்று ஒரு வார்த்தை கிடையாது. வண்டியில் ஏறும்போது மாப்பிள்ளை மட்டும் திரும்பி ஒரு தடவை பார்த்தார். ஜன்னல் வழியாக அதைப் பார்த்தவர்கள் சித்தியும் நானும்தான்.

வண்டி தெருமுனை திரும்புகிறவரை அம்மா பொறுத்தாள்.

"பொண்ணு பாக்க வந்த வீட்டுல கண்ணுல தண்ணி விட்டுட்டுப் போறாங்களே, இது என்ன சகுனம்டா? எல்லாம் உன்னாலதான்."

"நமக்கு சகுனமெல்லாம் கெடையாதுன்னு சாமியார் சொல்றாரே" என்றார் அப்பா.

"சாமியாருக்குக் கட்டிக் கொடுக்கத் தங்கச்சி இல்ல" என்றாள் அம்மா.

அன்று மாலையே மாமா கிராமபோனைக் கம்பளியில் சுற்றிப் பரணில் ஏற்றிவிட்டார். "அதுக்கும் கொஞ்சம் ஓய்வு வேணும்ல" என்று சிரித்துக்கொண்டேதான் ஏற்றினார். வீடு கம்மென்று ஆகிவிட்டது. அடுத்த வீட்டு ராத்தா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் இறங்கிக்கொண்டார்.

ஒருநாள் மத்தியானம் சித்தி எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். திடீரென்று, "அவரு ஏன்டி அழுதாரு?" என்று கேட்டாள்.

"பாட்டுல அவன் வரலைன்னு நெனச்சிருப்பாரு" என்றேன்.

சித்தியின் கை நின்றது. எப்போதும்போல வந்துவிட்டான் என்று அடித்துச் சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள், "வரலையோ என்னவோ" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பின்னலை முடித்தாள். எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. கட்சி மாறுகிறவர்களை எனக்குப் பிடிக்காது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து நாங்கள் பலகாரம் சாப்பிட உட்கார்ந்த நேரம். வாசலில் மாட்டு மணி கேட்டது. பெரியவர் தனியாக வந்து இறங்கினார். கையில் ஒரு வாழைத்தார்.

"தோத்திரம். கொல்லையில காச்சுது" என்று அதை வைத்துவிட்டு, பெட்டி இருந்த இடத்தைப் பார்த்தார். அது வெறுமையாக இருந்ததைக் கண்டதும் அவர் முகம் விழுந்துபோனது. மாமா ஏணி தேடி ஓடினார். அம்மா அவசரமாக ஒட்டடையைத் தட்டினாள். பாட்டு வைக்கப்பட்டது. அவர் கேட்டார், அழுதார், கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினார், மறுபடியும் கேட்டார். சித்தி கொண்டுவந்த காப்பியை இந்தத் தடவை சூடாகவே குடித்தார். "காப்பி நல்லா இருக்கு" என்றார். கல்யாணப் பேச்சு வரும் வரும் என்று அம்மா கதவோரமாகவே நின்றாள். வரவில்லை. வண்டி கிளம்பிப் போய்விட்டது.

அதற்கடுத்த ஞாயிறும் வந்தார். அதற்கடுத்ததும் வந்தார். ஒருநாள் பூசணிக்காய், ஒருநாள் பச்சைப்பயறு, ஒருநாள் கெண்டை மீன். ஆற்றில் புதுத்தண்ணீர் வந்து, நெடுங்காட்டு வாய்க்காலெல்லாம் ஓடத் தொடங்கி, நாற்றங்கால் வேலை மும்முரமாக இருக்கும் நாட்களிலும் அவர் வண்டி கட்டிக்கொண்டு வருவது நிற்கவில்லை. தெருவில் எல்லாரும் பேசத் தொடங்கினார்கள். அவர் பாட்டுக்கு வருகிறாரா, பெண்ணுக்கு வருகிறாரா என்று எங்களுக்கே தெரியவில்லை என்றால் தெருவுக்கு என்ன பதில் சொல்வது? அம்மா அப்பாவைக் கேட்கச் சொன்னாள். பெண் வீட்டார் வலியக் கேட்டால் மரியாதை போய்விடும் என்று அப்பா சொன்னார். மாமாவிடம் கேட்கச் சொன்னால், "பாவம், மனுஷன் பாட்டுக் கேட்டுட்டுப் போகட்டுமே" என்றார். அம்மா அவரோடு இரண்டு நாள் பேசவில்லை.

கடைசியில் கேட்டது சித்தி.

அன்றைக்குப் பாட்டு முடிந்து, பெரியவர் முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார். சித்தி காப்பியைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். கொடுத்துவிட்டு வழக்கம்போல உள்ளே போகாமல் எதிரிலேயே நின்றாள்.

"ஐயா, ஒன்னு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க பாட்டுக்கு வர்றீங்களா, பொண்ணுக்கு வர்றீங்களா?"

அம்மா கதவைப் பிடித்துக்கொண்டாள். அப்பாவின் கையிலிருந்த செய்தித்தாள் கீழே இறங்கியது. பெரியவர் டம்ளரும் கையுமாகச் சித்தியை நிமிர்ந்து பார்த்தார். அவர் மீசை எந்தப் பக்கம் துடிக்கப்போகிறதோ என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"பொண்ணு விஷயந்தான் அன்னைக்கே முடிஞ்சு போச்சேம்மா" என்றார். "நான் சொல்லல?"

"நீங்க ஒன்னுமே சொல்லலீங்களே!" என்றாள் அம்மா, அழுகிற குரலில்.

பெரியவர் யோசித்தார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "போற வழியில வண்டியிலயே பையன்கிட்ட சொல்லிட்டேன், இதுதான்டா நம்ம வீட்டுப் பொண்ணுன்னு. உங்ககிட்டயும் சொன்னதாத்தான் நெனச்சுக்கிட்டு இருக்கேன். அவன் தெனம் கேக்கறான், கோயில்ல எப்பப்பா கல்யாண ஓலை வாசிப்பாங்கன்னு. பொண்ணு வீட்டுலதான்டா இழுத்துக்கிட்டுக் கெடக்காங்கன்னுல்ல சொல்லிக்கிட்டிருக்கேன்!"

அப்போது சித்தி சிரித்தாள். அம்மா போட்ட கட்டளையெல்லாம் காற்றில் போயிற்று. தெருவரைக்கும் கேட்டிருக்கும். பெரியவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்துவிட்டு அவராகவே சொன்னார்.

"எங்க வீட்டுல இருந்தவளுக்குப் பாடவே வராதும்மா. கோயில்ல அவ வாயத் தொறந்தா பக்கத்துல நிக்கிறவங்க நகந்துக்குவாங்க. ஆனா நான் வயலுக்குப் போயி நேரமாயிட்டா வாசல்லதான் நிப்பா. வண்டிச் சத்தம் கேட்டதும், 'இதுதான் வர்ற நேரமா?'ன்னு ஆரம்பிப்பா பாரு, தெருவே எந்திரிச்சுடும். முப்பது வருஷம். அப்பல்லாம் எரிச்சலா வரும். இந்தப் பாட்டுல அந்தப் பொண்ணு வாசல்ல நிக்கிறான்னு வருதுல்ல, அங்க எனக்கு இவ திட்டுறதுதான் கேக்குது. அத இப்புடி உக்காந்து கேக்கறதுல எனக்கு எவ்வளவு சந்தோஷம்னு சொல்லத் தெரியல. வாத்தியாரா இருக்கிற நம்ம பையன வேணா கேட்டுச் சொல்றேன்."

சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கியது. சந்தோஷம் என்று சொல்லிக்கொண்டே அழுகிறாரே, வயதானவர்களுக்கு வார்த்தைகள் மாறிப்போகும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வாயைத் திறக்கக்கூடாது என்ற கட்டளை என் விஷயத்தில் இன்னும் அமலில் இருந்ததால் திருத்தவில்லை.

அதன் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று கோயிலில் ஓலை வாசித்தார்கள். சம்பா நடவு முடிந்த கையோடு கல்யாணம். அடுத்த வீட்டு ராத்தா சித்திக்கென்று சிங்கப்பூர்ப் பட்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கட்டிப்பிடித்து அழுதார். சித்தியும் அழுதாள். இரண்டு பேரும் உடனே ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். நான் அவர்களை ஆராய்வதை விட்டுவிட்டு ஜிலேபி பக்கம் போய்விட்டேன்.

சித்தியை நெடுங்காட்டுக்கு அனுப்புகிற அன்று வண்டியில் பாத்திரம் பண்டமெல்லாம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மாமா உள்ளேயிருந்து கம்பளியில் சுற்றிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் பெட்டியை வைத்து, அசையாமல் இருக்கிறதா என்று இரண்டு பக்கமும் ஆட்டிப் பார்த்தார். பெரியவர் பதறிவிட்டார்.

"வேணாம் தம்பி, அது உங்க பொருளு. நான்தான் வாராவாரம் வர்றேனே."

"இனிமே நீங்க வண்டி கட்டிக்கிட்டு அலைய வேணாம். எனக்கு சைக்கிள் இருக்கு. நான் வந்துக்கறேன்."

"உனக்கு வேணாமாடா?" என்று அம்மா மெதுவாகக் கேட்டாள். தம்பியோடு அவள் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

"எனக்குத்தான் மனப்பாடம் ஆயிடுச்சேக்கா" என்று மாமா சிரித்தார்.

சொன்னபடியே ஞாயிற்றுக்கிழமைகளில் மாமா நெடுங்காட்டுக்குப் போகத் தொடங்கினார். சைக்கிளின் பின்னால் நான். இரண்டு பக்கமும் பயிர் எழும்பி, காற்றடித்தால் பச்சையாகப் புரளும். மடையில் தண்ணீர் சலசலக்கும். மாமா அந்தப் பாட்டைச் சீட்டியடித்துக்கொண்டே மிதிப்பார். சித்தி வீட்டு வாசலில் இறங்கும்போதே உள்ளே அவள் சிரிப்புச் சத்தம் கேட்கும். அவளுடைய சிரிப்பைக் கேட்பதற்காகவே சித்தப்பா பள்ளிக்கூடத்துக் கதைகளைக் கூட்டிக் குறைத்துச் சொல்வார் என்று எனக்குப் போகப் போகத் தெரிந்தது. பாட்டு விஷயத்திலும் சித்தி பழைய கட்சிக்கே திரும்பிவிட்டாள்.

"வந்துட்டான்டி. வராம எங்க போவான்?" என்றாள்.

சாப்பாடு ஆனதும் பெட்டியைக் கூடத்துக்குக் கொண்டுவருவார்கள். பெரியவர் ஒரு நாற்காலி, மாமா ஒரு நாற்காலி. இரண்டு பேரும் பேசிக்கொள்வது குறைவு. பாட்டு தொடங்கினால் பெரியவர் துண்டை எடுத்து வைத்துக்கொள்வார். மாமா முழங்காலில் தாளம் போடத் தொடங்குவார். இவர் அழுவார், அவர் சிரிப்பார். எதிரெதிரே உட்கார்ந்து ஒரே பாட்டுக்கு இப்படி இரண்டு பேர் இரண்டு காரியம் செய்வதைப் பார்த்தால் எனக்குப் பெரியவர்மேல் பரிதாபமாக இருக்கும். மாமாவைப் போலக் கவலையில்லாமல் கேட்க அவருக்கு யாராவது சொல்லிக்கொடுத்தால் தேவலை என்று தோன்றும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வழக்கத்தைவிட அதிகமாகவே அழுதார். எனக்குப் பொறுக்கவில்லை. உள்ளே போய்ப் பானையிலிருந்து ஒரு செம்பு தண்ணீர் மொண்டுகொண்டு வந்து அவரிடம் நீட்டினேன்.

"தண்ணி குடிங்க தாத்தா. அழுவாதீங்க."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அழுகையெல்லாம் இறங்கி, வயிறு நிறைந்த மனுஷன் மாதிரி இருந்தது அவர் முகம். செம்பை வாங்கிக்கொள்ளவில்லை. என் தோளைத் தொட்டு மெதுவாக எதிர்ப்பக்கம் திருப்பிவிட்டார்.

"எனக்கு வேணாம் பாப்பா. உங்க மாமாவுக்குக் குடு."

நான் மாமாவைப் பார்த்தேன். ஆண்குரல் எழும்புகிற இடம். மாமா கண்ணை மூடிக்கொண்டு, தாளம் தப்பாமல், வாயெல்லாம் சிரிப்பாக உட்கார்ந்திருந்தார்.

"மாமா சிரிச்சுக்கிட்டுல்ல இருக்காங்க?" என்றேன்.

பெரியவர் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். பாவம், வயதாகிவிட்டது, யாருக்குத் தண்ணீர் வேண்டும் என்றுகூட அவருக்குத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். மொண்ட தண்ணீரை வீணாக்குவானேன் என்று நானே குடித்துவிட்டு, சித்தியிடம் ஓடினேன்.